ஏழாம் மாதத்துக்குப் பிறகு எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள்: முழுமையான வழிகாட்டி

"மூணாம் மாசமே எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சே, இப்போ மறுபடியும் எதுக்கு?" ஏழாம் மாதம் தாண்டிய கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். கேள்வியில் தப்பில்லை. ஆனால் மூன்றாம் மாதத்தில் எடுத்த ரத்தம் அந்த மாதத்து உடம்பைப் பற்றி மட்டுமே சொல்லும். அதற்குப் பிறகு உடம்பே மாறிவிடுகிறது.

கர்ப்பகாலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதில் நீர்ப்பகுதி வேகமாகக் கூடும், சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடாது. அதனால் நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கும். அதே சமயத்தில் குழந்தை தனக்கு வேண்டிய இரும்புச் சத்தில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதும் பிற்பகுதியில்தான் அதிகம். முதல் ரிப்போர்ட்டில் சர்க்கரையும் ரத்தமும் சரியாக இருந்த ஒருவருக்கு எட்டாம் மாதத்தில் இரண்டுமே தவறிப்போவது சாதாரணமாக நடப்பது.

இந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் கால அவகாசம். 28-வது வாரத்தில் ரத்தசோகை தெரிந்தால் சரிசெய்யப் பன்னிரண்டு வாரம் கையில் இருக்கிறது. வலி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு தெரிந்தால், ரத்தம் ஏற்றுவதைத் தவிர மருத்துவரிடம் அதிக வழிகள் இருக்காது.

படி 1: ஃபைலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் தலைப்பிரசவம் பெரும்பாலும் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறாள். அதுவரை பார்த்த டாக்டர் ஓர் ஊரில், பிரசவம் பார்க்கப்போகிறவர் வேறு ஊரில். பரிசோதனைகள் விட்டுப்போவது இந்த இடைவெளியில்தான். "அங்கேயே எடுத்திருப்பாங்க" என்று புது இடத்தில் நினைப்பார்கள். "அங்க போய் எடுத்துக்குவாங்க" என்று பழைய இடத்தில் விட்டிருப்பார்கள்.

வளைகாப்புக்குத் தேதி குறிக்கும்போதே இதையும் யோசித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாய் சேய் நல அட்டையும் பிக்மி எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) கட்டாயம் அதில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையிலோ காட்டி, "இனி எந்தெந்த டெஸ்ட் எந்த வாரத்தில்?" என்று எழுதி வாங்கிவிடுங்கள். கிராமம் என்றால் அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் வந்திருப்பதைச் சொல்லிவிட்டால் போதும், அவரே கூப்பிட்டு நினைவுபடுத்துவார்.

எங்கும் காட்ட முடியாமல் போனவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, நான்காம் மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் இலவசப் பரிசோதனை நடக்கிறது. 2016-இல் தொடங்கிய திட்டம் இது. ரத்தப் பரிசோதனையும் அதில் சேரும்.

படி 2: 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரை

கர்ப்பகாலச் சர்க்கரைக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. தாகம், களைப்பு எல்லாம் கர்ப்பத்தாலேயே வருவதால் பிரித்துப் பார்க்க முடியாது. எனவே எல்லாருக்கும் பரிசோதனை வேண்டும். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இல்லை, நான் ஒல்லியாக இருக்கிறேன் என்பதெல்லாம் விலக்கு ஆகாது.

அரசு மருத்துவமனைகளில் நடக்கும் முறை எளிது. 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் குடிக்கலாம். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு தொலைவிலிருந்து பஸ் ஏறி வர முடியாத பெண்களையும் மனதில் வைத்து இந்த முறையை முன்வைத்துப் பரப்பியவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவர் பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் வெறும் வயிற்றில் ஒன்று, குளுக்கோஸ் குடித்த ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று என மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். அங்கே எல்லைகள் 92, 180, 153. மூன்றில் எந்த ஒன்று எட்டினாலும் சர்க்கரை என்றே கணக்கு. எந்த முறையில் எடுக்கப் போகிறார்கள் என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போய்த் திரும்பி வரும் அலைச்சல் மிச்சம்.

குளுக்கோஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம், ஆனால் 10 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். நர்ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள், மறைத்தால் ரிப்போர்ட் பொய்யாக வரும். காத்திருக்கும் நேரத்தில் எதுவும் சாப்பிடாமல், கடைத்தெரு பக்கம் போகாமல், உட்கார்ந்தே இருங்கள்.

28 வாரம் தாண்டிவிட்டதா? பரவாயில்லை, இப்போதாவது எடுங்கள். தாமதமானது என்பதற்காக விட்டுவிடும் பரிசோதனை அல்ல இது.

அதிகம் என்று வந்தால் முதல் மருந்து சாப்பாடுதான். இரண்டு வாரம் உணவைச் சரிசெய்து பார்ப்பார்கள். "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று வீட்டில் அள்ளி வைக்கும் சோற்றைக் குறைத்து, கீரை, சுண்டல், முட்டை, மீன் பக்கம் போக வேண்டும். பழச்சாறும் சத்துமாவுக் கஞ்சியில் போடும் வெல்லமும் இந்தக் காலத்துக்கு வேண்டாம். அதன் பிறகும் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துச் சர்க்கரை 120-ஐ எட்டினால் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். இன்சுலின் என்றதும் பயப்படுகிறவர்கள் நிறைய. அது குழந்தைக்குப் போய்ச் சேராது. கட்டுப்படாத சர்க்கரைதான் போய்ச் சேரும். குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்து, பிரசவத்தில் தோள் சிக்கி, பிறந்ததும் அதற்குச் சர்க்கரை திடீரென்று இறங்குவது எல்லாம் அதனால்தான்.

படி 3: ஹீமோகுளோபின், ஒருமுறை எடுத்து நிறுத்தாதீர்கள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மிக முக்கியமானது இதுதான். விலையும் குறைவு, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடுக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய பாதிப் பேர்.

அளவுகள் இப்படி: 11-க்கு மேல் இருந்தால் நல்லது. 10 முதல் 10.9 வரை லேசான ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரம். 7-க்குக் கீழ் கடுமையானது, பிற்பகுதிக் கர்ப்பத்தில் இது இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்தே பார்ப்பார்கள்.

9 என்ற எண்ணைப் பார்த்து "நல்லாத்தானே நடமாடுறா" என்று விட்டுவிடுகிறோம். சுகப்பிரசவத்திலேயே ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் போகலாம், சிசேரியனில் ஒரு லிட்டர் வரை. 11.5 இருக்கும் உடம்பு அதைத் தாங்கி எழுந்துவிடும். 8 இருக்கும் உடம்பு அதே இழப்பில் மயங்கிச் சரியும்.

அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. ரத்தசோகை இருந்தால் தினம் இரண்டு. ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏற வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். 28-வது வாரத்தில் 9 இருக்கிறவர் மாத்திரையாலேயே பிரசவத்துக்குள் 11-ஐ நெருங்கிவிடலாம். அதே 9 முதன்முறையாக 36-வது வாரத்தில் தெரிந்தால் மாத்திரைக்கு நேரம் போதாது. எனவே 28, 32, 36 என நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். ரத்தசோகைக்குச் சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு மாதாமாதம் கட்டாயம்.

மாதம் ஒன்றாகியும் ஏறவில்லை என்றால் முதலில் மாத்திரை எப்படி உள்ளே போகிறது என்று பாருங்கள். காபி, டீ, பாலோடு சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையோடும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதைப் பார்த்து நிறுத்தாதீர்கள். வயிறு புரட்டினால் இரவில் சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். மாத்திரையைப் போடாமல் அலமாரியில் சேர்த்து வைத்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால்தான் அவர் வேறு வழி யோசிக்க முடியும்.

ஒழுங்காகப் போட்டும் ஏறாதவர்களுக்கு முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை கைகொடுக்கும். அதில் எம்சிவி என்ற வரி, சிவப்பணுவின் அளவைக் காட்டுவது. அது குறைந்திருந்து, இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படியானால் கணவரும் பரிசோதிக்க வேண்டும். எம்சிவி கூடியிருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறையாக இருக்கலாம். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள் பி12-ஐக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்கும் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இரும்புச் சத்தை டிரிப்ஸில் ஏற்றும் வழி இருக்கிறது. அயர்ன் சுக்ரோஸ் என்றால் 200 மில்லிகிராம் வீதம் ஒருநாள் விட்டு ஒருநாள், பல தவணை. ஃபெர்ரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்தில் ஒரே தவணையில் 1000 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். ஏற்றிய மறுநாளே எண் கூடாது, சில வாரம் ஆகும். இதை ரத்தம் ஏற்றுவதோடு குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. இது இரும்புச் சத்து மட்டும்தான், யாருடைய ரத்தமும் இல்லை.

படி 4: நெகட்டிவ் ரத்த வகை என்றால் 28-வது வாரத்தைத் தவறவிடாதீர்கள்

பாசிட்டிவ் வகைக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்று அமைந்தால், குழந்தையின் ரத்தம் கொஞ்சம் கலந்தாலும் தாயின் உடம்பு அதற்கு எதிராக எதிர்ப்பொருள் உண்டாக்கலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்த குழந்தைதான் பாதிக்கப்படும்.

28-வது வாரத்தில், தாயின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க ஐசிடி என்ற பரிசோதனை எடுப்பார்கள். எதிர்ப்பொருள் இல்லை என்று வந்தால், அது உண்டாகாமல் தடுக்க 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி ஊசி. முறை மாறக் கூடாது, ரத்தம் முதலில், ஊசி பிறகு. ஊசி போட்ட பின் எடுத்தால் அந்த ஊசியே ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் காட்டிவிடும். பிரசவத்துக்குப் பின் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் வகையைப் பார்த்து, பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னோர் ஊசி. நடுவில் ரத்தப்போக்கு ஏற்பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ உடனே போய்ச் சொல்லுங்கள், அப்போதும் ஊசி தேவைப்படும். முன்பு கரு கலைந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

படி 5: தொற்றுகளுக்கான பரிசோதனை

எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி மூன்றையும் முதல் மாதங்களிலேயே எடுத்திருப்பார்கள். விட்டுப்போயிருந்தால் இப்போது கட்டாயம். எடுத்தவர்களுக்கும் பல மருத்துவமனைகளில் பிரசவத்துக்கு முன் மறுபடி எடுப்பார்கள். யார் மேலும் சந்தேகப்பட்டு எடுப்பது இல்லை. தொற்று உடம்பில் நுழைந்து பரிசோதனையில் தெரிய சில வாரங்கள் பிடிக்கும் என்பதும், கர்ப்பத்தின் நடுவிலும் தொற்றலாம் என்பதும்தான் காரணம்.

அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதமும் ரகசியமும் அங்கே காக்கப்பட வேண்டும். மூன்றுமே முன்னால் தெரிந்தால் குழந்தையைக் காப்பாற்ற வழி இருக்கும் நோய்கள். எச்ஐவிக்குத் தாய்க்கு மாத்திரையும் பிறந்த குழந்தைக்கு மருந்தும் உண்டு. சிபிலிஸுக்குப் பெனிசிலின் ஊசி. ஹெபடைட்டிஸ் பி உள்ள தாயின் குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் பிறந்த 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது எல்லா இடத்திலும் எந்நேரமும் கிடைக்கும் மருந்தல்ல. முன்கூட்டியே மருத்துவமனையில் சொல்லி வரவழைத்து வைக்கச் சொல்லுங்கள்.

படி 6: பிரஷர் ஏறினாலோ அரிப்பு வந்தாலோ

இவை எல்லாருக்கும் வழக்கமாக எடுப்பவை அல்ல. ஆனால் அறிகுறி தெரிந்தால் அன்றே எடுக்க வேண்டியவை.

பிரஷர் 140/90-ஐ எட்டினால், அல்லது விடாத தலைவலி, கண் மங்கல், வலப்பக்க மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம் இருந்தால் சிறுநீரில் புரதமும், ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்), கல்லீரல் என்சைம்கள், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவையும் பார்ப்பார்கள். தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ கல்லீரல் எண்கள் ஏறினாலோ நிலைமை அவசரமானது. அப்போது இரவு என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தடிப்பே இல்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு வந்து இரவில் தூக்கம் கெட்டால், "வயிறு விரியுது, அரிக்கத்தான் செய்யும்" என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு இருந்துவிடாதீர்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதாக இருக்கலாம். பித்த அமிலம் என்ற பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் எடுக்க வேண்டும். பித்த அமிலம் 100-ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால் பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் 30-வது வாரத்தை ஒட்டி டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெங்குக் காய்ச்சல் பரவும் பருவம் என்றால், காய்ச்சல் வந்த அன்றே தட்டணுவும் பார்க்க வேண்டும்.

படி 7: ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

லேப் ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் "நார்மல்" அளவுகள் பெரும்பாலும் கர்ப்பம் இல்லாதவர்களுக்கானவை. இதனால் இரண்டு வகையில் ஏமாறுவோம்.

வீண் பயம் ஒன்று. வெள்ளையணுக்கள் 13,000, 14,000 என்று தடித்த எழுத்தில் வரும். காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாவிட்டால் கர்ப்பத்தில் அது இயல்பு. இஎஸ்ஆர் கூடும். நஞ்சுக்கொடியிலிருந்தும் சுரப்பதால் அல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் கூடும். இவற்றைப் பார்த்து இரவெல்லாம் போனில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீண் நிம்மதி இன்னொன்று, இதுதான் ஆபத்து. கர்ப்பத்தில் சிறுநீரகம் அதிகம் வேலை செய்வதால் கிரியாட்டினின் 0.4 முதல் 0.8 வரைதான் இருக்கும். 1.0 என்று வந்தால் லேப் அதை நார்மல் என்றே அச்சிடும். கர்ப்பிணிக்கு அது கவனிக்க வேண்டிய எண். எனவே தடித்த எழுத்து இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடாமல், ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் காட்டுங்கள். முந்தைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தட்டணு 2.4 லட்சத்திலிருந்து 1.6 லட்சமாக இறங்கியது தனி ரிப்போர்ட்டில் தெரியாது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இருக்கிற ரத்தத்தையும் எடுத்துடறாங்க" என்பார்கள். ஒரு தடவைக்கு எடுப்பது பெரும்பாலும் 5 முதல் 10 மில்லி, அதாவது ஒன்றிரண்டு டீஸ்பூன். கர்ப்பிணியின் உடம்பில் ஓடும் ரத்தம் பல லிட்டர்.

படி 8: 36-வது வாரத்தில் ஒரு முழுப் பார்வை

இந்த வாரம் முழு ரத்த எண்ணிக்கையை மறுபடி எடுத்துவிடுங்கள். சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போடுவதா என்று தீர்மானிக்கத் தட்டணு எண் மயக்க மருத்துவருக்கு வேண்டும். ரத்தம் உறைதல் பரிசோதனையும் சில இடங்களில் கேட்பார்கள். ரத்த வகை ரிப்போர்ட் ஃபைலின் மேலேயே இருக்கட்டும். ஓ நெகட்டிவ் போன்ற அரிய வகை என்றால் மருத்துவமனையின் ரத்த வங்கியில் இப்போதே சொல்லி, சொந்தத்திலும் நட்பிலும் அதே வகை இருக்கிறவர்களின் எண்களை எழுதி வையுங்கள். இந்த வேலையைக் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களுக்கு ஒரு பரிசோதனை பிரசவத்துக்குப் பின்னும் பாக்கி இருக்கிறது. 6-வது வாரத்தில் வெறும் வயிற்றில் ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. குழந்தை பிறந்த பரபரப்பில் பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான். ஆனால் பிற்காலத்தில் முழுச் சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு இவர்களுக்குத்தான் அதிகம். குழந்தைக்கு 6-வது வாரத் தடுப்பூசி போட எப்படியும் போக வேண்டும். அன்று காலை சாப்பிடாமல் கிளம்பிப் போய் இதையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.